8 சென்டிமீட்டர்: தாழ்த்திய கார் பனியில் சிக்கிய ஒரு காலை

பின்னணி

கனடாவில், ரொறொன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், காரைத் தூக்கும் ஹொயிஸ்ட் இரண்டு உள்ள ஒரு சின்ன கராஜில் வேலை செய்கிறேன். 2022 ஜனவரியில் எங்களிடம் வந்த ஒரு காரையும் அதை ஓட்டிய இளைஞரையும் பற்றி இங்கே எழுதுகிறேன். அவருடைய சம்மதம் உண்டு. பெயரும் தெருவும் வேண்டாம் என்றார், எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அன்று காலையில் நடந்ததை அவரும், அவரைக் காரிலிருந்து வெளியே எடுத்த பெண்ணும் சொன்னபடி எழுதுகிறேன். காரில் இருந்தவற்றை நானே பார்த்தேன்.

அவருக்கு அப்போது 23 வயது. பக்கத்து நகரமான பிக்கரிங்கில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. கார் 2017 ஹொண்டா சிவிக், முன்சக்கரங்கள் இழுக்கும் வகை. முந்தின கோடையில் அதற்குக் காயில்ஓவர் போட்டுத் தாழ்த்தியிருந்தார். சுருள்வில்லும் ஷொக் அப்சோபரும் சேர்ந்து ஒரே தொகுதியாக வருவதுதான் காயில்ஓவர். அதன் உடலில் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரியில் ஓடும் வளையத்தைத் திருகினால் கார் உயரும் அல்லது இறங்கும். கூடவே புகைக்குழாயையும் அகலமான ஒன்றுக்கு மாற்றியிருந்தார். எல்லாம் சொந்த உழைப்புக் காசு. நன்றாகச் செய்த வேலை என்றால் அப்படிப்பட்ட கார் வளைவில் சாயாது, ஓட்டுகிறவருக்கு வீதி கையில் தெரியும். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

நவம்பரில் நான் பார்த்தது, கேட்காமல் விட்டது

2021 நவம்பரில் வின்டர் டயர் போட வந்தார். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் வின்டர் டயர் கட்டாயமில்லை. பக்கத்து கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி வேண்டும். இங்கே 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் அதற்குக் கட்டணக் கழிவு கொடுக்க வேண்டும் என்பது விதி, அதனால் பலர் போடுகிறார்கள். இவரும் நல்ல டயராகவே வாங்கியிருந்தார், பக்கச்சுவரில் மலையும் பனிச்செதிலும் உள்ள குறி இருந்தது. 16 அங்குல இரும்பு ரிம்மில், கோடை டயரைவிடக் கொஞ்சம் ஒடுக்கமான அளவு. ஒடுக்கமான டயர் பனியை வெட்டி இறங்கும் என்பதால் அது நல்ல தெரிவு.

அன்று ஹொயிஸ்டின் கைகள் காருக்கு அடியில் போகவில்லை. இரண்டு பலகைகளை வைத்து, காரை அவற்றின்மேல் ஏற்றிய பிறகுதான் கைகளை உள்ளே தள்ள முடிந்தது. கார் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய அறிவிப்பு வேண்டியதில்லை. இருந்தும் நான் அளவுநாடாவை எடுக்கவில்லை. "பனி கூடினா கவனம் தம்பி" என்று மட்டும் சொன்னேன். "புது வின்டர் டயர்தானே அண்ணை, பிரச்சினை இல்லை" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

டயர் சறுக்கலைத்தான் பார்த்துக்கொள்ளும். பனியின் ஆழத்துக்கு டயரால் ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு வசனம்தான்.

ஜனவரி 17, திங்கள் காலை

அன்று ரொறொன்ரோவில் விழுந்த பனியை இங்கிருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நகரின் சில பகுதிகளில் 50 செ.மீ.க்கு மேல். டொன் வலி பார்க்வே, கார்டினர் ஆகிய விரைவுவீதிகள் மூடப்பட்டன. நகரின் ரீரீசீ பேருந்துகள் நூற்றுக்கணக்கில் வழியில் நின்றன.

அவருக்கு ஞாயிறு இரவு 11 முதல் காலை 7 வரை வேலை. போகும்போது தெருவில் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் வெளியே வந்தபோது கார் ஒரு வெள்ளைக் குவியலாக இருந்தது. கூடவே வேலை செய்த ஒருவர், கன்ரீனில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் பிறகு போகச் சொல்லியிருக்கிறார். எட்டு மணிநேரம் நின்ற களைப்பு, வீட்டில் கட்டில். கிளம்பிவிட்டார்.

401 நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன, ஆனால் நிற்கவில்லை. பனி தள்ளும் லொறிகள் வரிசையாகப் போக, அவற்றின் பின்னால் எல்லோரும் போனார்கள். மார்க்கம் வீதியிலும் ஓடிவிட்டார். முன் பம்பரின் கீழ்விளிம்பு பனியைச் சீவுகிற சத்தம் பிக்கரிங்கிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்ததாம். டயர் பிடித்ததால் அதை அவர் பொருட்படுத்தவில்லை. எட்டே முக்கால் அளவில் தன் தெருவின் வாய்க்கு வந்தார். வீட்டுக்கு இன்னும் ஏழெட்டு வீடுதான்.

பெரிய வீதியில் பனி தள்ளிய லொறி, பக்கத் தெருவின் வாயில் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போயிருந்தது. வானத்திலிருந்து விழும் புதுப் பனி மெத்தை மாதிரி, கார் அதைப் பிளந்துகொண்டு போகும். லொறி ஒதுக்கிய பனி அப்படியல்ல. அது நசுங்கி, உப்பும் மண்ணும் கலந்து, ஈர மணல் மாதிரிக் கனமாக இருக்கும். அதன் உயரம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே என்றார்.

வேகமாகப் போனால் தாண்டிவிடலாம் என்று நினைத்து அக்சிலரேட்டரை அழுத்தினார். முன் பாதி ஏறியது. பிறகு காரின் வயிறு வரம்பின்மேல் உட்கார்ந்தது.

எப்படி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கார் பனியை முன்னால் தள்ளுவதோடு, அடியில் போகும் பனியை நசுக்கவும் செய்கிறது. நசுங்கிய பனி காரின் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு இறுகியதும், பாரம் சக்கரத்திலிருந்து வயிற்றுக்கு மாறிவிடும். பாரம் இல்லாத டயருக்குப் பிடிப்பு இல்லை, அது எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் சரி. சாதாரண சஸ்பென்ஷனில் கார் தூக்கப்பட்டால் சக்கரம் கீழே தொங்கி நிலத்தைத் தேடும். நன்றாக இறக்கிய காயில்ஓவரில் அந்தத் தொங்கும் தூரம் குறைவு. ஆகவே சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் நின்றுவிடுகிறது. அன்று அவருடைய முன்சக்கரங்கள் இரண்டும் சும்மா சுற்றின.

அவர் பத்து நிமிடம்போல முன்னும் பின்னும் மாற்றி மாற்றி முயன்றார். சுற்றிய டயர் தன் கீழே இருந்த பனியை உருக்கிக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டது. காரில் பனி அள்ளும் சவல் இல்லை, பனி தட்டும் தூரிகை மட்டும் இருந்தது. அதால் வயிற்றுக்கு அடியில் உள்ளதைத் தோண்ட முடியாது. வீதி உதவிச் சேவைக்குத் தொலைபேசி எடுத்தார். பல மணிநேரம் ஆகும் என்றார்கள்.

காருக்குள் இருந்த நேரம்

காலில் வேலைச் சப்பாத்து, மேலே மெல்லிய ஜக்கெட். வீடு கண்ணுக்குத் தெரியும் தூரம். ஆனால் காரின் பின்பாதி பெரிய வீதிக்குள் நீட்டிக்கொண்டு நின்றது, அதைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, சீட்டைச் சாய்த்து உட்கார்ந்தார். நானும் அந்த வயதில் அதையேதான் செய்திருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் பெரிய வீதியில் மறுபடி ஒரு லொறி வந்தது. காரைத் தவிர்த்து விலகிப் போனாலும், அது எறிந்த பனி பின் பம்பர்மேல் குவிந்தது. தாழ்த்திய பிறகு அந்தக் காரின் புகைக்குழாய் வாய் நிலத்திலிருந்து ஒரு சாணுக்கும் குறைவு. அது முழுதாக மூடிப்போனது.

எஞ்சினில் எரியும் பெற்றோல் எப்போதும் முழுமையாக எரிவதில்லை, அதில் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் மணமும் இல்லாத வாயு. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வழக்கமாகக் குழாய் வழியாக வெளியே போய்க் காற்றில் கலந்துவிடும். வாய் அடைபட்டு, சுற்றிவரப் பனிச்சுவர் நின்றால், காரின் அடியில் தேங்கி, கிடைக்கும் இடுக்குகளால் உள்ளே ஏறும்.

அவருக்குத் தலை இடித்தது. கண் சொருகியது. இரவு வேலை செய்த ஒருவர் காலை ஒன்பதரை மணிக்கு அப்படித்தானே இருப்பார்? "எனக்கு வித்தியாசம் தெரியேல்லை அண்ணை, ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு அப்பிடித்தான்" என்றார் என்னிடம். இந்த நிகழ்வில் என்னை இன்றைக்கும் தூங்கவிடாத இடம் இதுதான். விஷத்தின் அறிகுறியும் உழைப்பின் களைப்பும் அவர் உடம்பில் ஒன்றுபோல இருந்தன.

முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்யும் ஒரு பெண், இரவு வேலை முடித்து, பேருந்து நின்றுவிட்டதால் நடந்து வந்துகொண்டிருந்தார். கார் சிக்கியிருப்பதில் அன்று புதினம் இல்லை, வழியெல்லாம் பார்த்து வந்தவர். ஆனால் இந்தக் காரில் எஞ்சின் சத்தம் கேட்டது, பின்னால் புகை தெரியவில்லை. அந்தக் குளிரில் ஓடும் எந்தக் காரின் பின்னாலும் வெள்ளையாக ஆவி நிற்கும். அது இல்லாதது அவர் கண்ணில் பட்டது. கண்ணாடியைத் தட்டினார். உள்ளிருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார், ஆனால் கதவைத் திறக்க நேரமெடுத்தார்.

"எஞ்சினை நிப்பாட்டும் தம்பி. வெளியில வாரும், உடனே வாரும்."

இறங்கியவர் இரண்டடி வைத்து முழங்காலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அந்த அக்கா 911ஐ அழைத்துவிட்டு, காரின் நான்கு கதவுகளையும் திறந்துவிட்டு, தன் கம்பளிச் சால்வையை அவர் தோளில் போட்டு, பக்கத்து வீட்டுப் படியில் உட்கார வைத்திருக்கிறார். அம்புலன்சும் தெருவாயில் நிற்க, மருத்துவ உதவியாளர்கள் பையோடு நடந்து வந்தார்கள். விரலில் மாட்டும் சாதாரணக் கருவியில் ஒட்சிசன் அளவு சரியாகவே காட்டியது. அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஒட்சிசன் ஒட்டியதையும் பிரித்தறியத் தெரியாது. அவர்கள் அதை நம்பாமல் ஒட்சிசன் முகமூடியைப் போட்டுக் கொண்டுபோனார்கள். வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை உறுதிசெய்தது. வெறும் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் அந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணிநேரம் ஆகும், முழு ஒட்சிசனில் ஒன்று ஒன்றரை மணிநேரம் போதும். மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கராஜில் கண்டவை

கார் புதன்கிழமை தட்டை லொறியில் வந்தது. முதலில் அளந்தேன். முன் பம்பரின் கீழ்விளிம்பு 7 செ.மீ., வயிற்றின் தாழ்ந்த இடம் 8 செ.மீ. இந்தக் கார் கம்பனியிலிருந்து வரும்போது ஏறக்குறைய 13 செ.மீ. இருக்கும்.

அந்த 8ஐத் தாளில் எழுதியதும் எனக்கு வேறொரு 8 நினைவுக்கு வந்தது. ரொறொன்ரோ நகரசபை உட்தெருக்களில் பனி தள்ள வருவது 8 செ.மீ. விழுந்த பிறகுதான். அதாவது நகரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒரு சாதாரண நாளில்கூட, அவர் வீட்டுத் தெருவில் அவர் காரின் வயிற்றைத் தொடும் அளவுக்குப் பனி கிடக்கலாம். ஜனவரி 17 அசாதாரணமான நாள். ஆனால் இந்தக் கார் சிக்குவதற்கு அப்படி ஒரு நாள் தேவையே இல்லை.

எஞ்சினுக்குக் கீழே இருந்த பிளாஸ்ரிக் தகடு கிழிந்து தொங்கியது. பம்பர் விளிம்பு வெடித்திருந்தது. ரிம்மின் உட்புறத்தில் பனி உறைந்து ஒட்டியிருந்தது. அதைத் தட்டி எடுக்காமல் ஓட்டினால் ஸ்ரேரிங் உதறும், பலர் அதை பலன்ஸ் பிழை என்று நினைத்து வருவார்கள்.

பின் சீட்டுக்கு நேர் கீழே, புதுக் குழாயும் பழைய குழாயும் சேரும் பிளேஞ்ச் என்ற மூட்டில் கறுப்பாக ஒரு கீற்று. விரலால் தொட்டேன், கரி ஒட்டியது. கசிவைத் தடுக்க உள்ளே வைத்த பட்டை சரியாக உட்காராததால் அந்த மூட்டு கசிந்திருக்கிறது. தாழ்ந்த குழாய் வேகத்தடைகளில் இடித்து இடித்து அசைந்திருக்கவும் கூடும். கோடையில் கசிந்தது காற்றோடு போயிருக்கும். அன்று காலையில் அதற்குப் போக்கிடம் இருக்கவில்லை. ட்ரங்கின் அடியில் ஒரு வயர் நுழையும் துளையின் ரப்பர் அடைப்பும் இல்லை. அது எப்போது விழுந்தது என்று அவருக்கும் தெரியாது. அந்தத் துளை என் சுண்டுவிரல் போகும் அளவு.

நவம்பரில் கார் இதே ஹொயிஸ்டில்தான் நின்றது. அந்தக் கீற்று அப்போதும் இருந்திருக்கலாம். நான் சக்கரத்தைப் பார்த்தேன், நிமிர்ந்து குழாயைப் பார்க்கவில்லை.

எடுத்த முடிவுகள்

அவரும் தகப்பனும் ஒன்றாக வந்தார்கள். தகப்பன் கோபத்தில் இருந்தார், அது பயத்தால் வந்த கோபம். "இந்தச் சாமானைக் கழட்டி எறியுங்கோ. காரை வித்துப்போட்டு வேறை பாப்பம்" என்றார். மகன் பேசவில்லை.

மூன்று வழிகளைச் சொன்னேன். காரை வசந்தம்வரை நிறுத்தி வைப்பது முதலாவது. இரவு வேலைக்குப் பேருந்து வசதியில்லை, வீட்டில் வேறு காருமில்லை, அது நடக்காது. வளையத்தைத் திருகி நான்கு செ.மீ. உயர்த்துவது இரண்டாவது. மகனின் விருப்பம் அதுதான், என் விருப்பமும். காயில்ஓவரின் பயனே அந்த வசதிதானே.

முயன்று பார்த்தோம். முன் வலது பக்கம் அரை மணிநேரத்தில் ஏறியது. முன் இடது வளையம் அசையவில்லை. வீதியில் போடும் உப்பு புரிக்குள் புகுந்து, அலுமினியமும் இரும்பும் சேர்ந்த இடத்தில் அரித்து ஒன்றாகப் பிடித்துவிட்டது. கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெய் அடித்து, இரவு முழுக்க விட்டு, மறுநாள் சூடு காட்டி முயன்றேன். வளையத்தைத் திருகும் சாவி வழுக்கி அதன் பல் உடைந்தது. ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும் காரை நான் வெளியே விட முடியாது.

ஆகவே மூன்றாவது வழி. பழைய ஸ்பிரிங்கும் ஷொக்கும் வீட்டு பேஸ்மென்ற்றில் பெட்டியில் பத்திரமாக இருந்தன. அவற்றைப் போட்டோம். புகைக்குழாயையும் பழையதுக்கே மாற்றினோம், துளைக்குப் புது ரப்பர் போட்டோம். உயரம் மாறினால் சக்கரக் கோணங்கள் மாறும் என்பதால் அலைன்மென்ற் செய்தோம், ஹெட்லைற் எந்த உயரத்தில் அடிக்கிறது என்பதையும் சரிபார்த்தோம். பலர் இந்தக் கடைசி வேலையை மறந்து, எதிரே வருபவர் கண்ணில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு போவார்கள். இந்த மாற்றங்களைக் காப்புறுதிக்கு அறிவித்தாரா என்று கேட்டேன். இல்லை என்றார். அன்றே அழைத்துச் சொல்ல வைத்தேன்.

காரை விற்க வேண்டாம் என்று தகப்பனிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். பிள்ளை பயந்துபோயிருந்தார், அதோடு ஆசைப்பட்டதையும் பறித்தால் அடுத்த முறை எதையும் சொல்லாமல் செய்வார் என்று எனக்குப் பட்டது.

அடுத்த குளிர்காலங்கள்

ஏப்ரலில் உடைந்த வளையத்துக்குப் பதிலாகப் புதியது வாங்கிக்கொண்டு வந்தார். புரிகளைத் துலக்கி, பிடிக்காமலிருக்கப் பசை பூசி, காயில்ஓவரை மறுபடி போட்டோம். நவம்பரில் அவரே கூப்பிட்டு, பழையதைப் போட நாள் கேட்டார். அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறார். செலவுதான், ஆனால் அதைக் கணக்குப் போட்டே காசு சேர்க்கிறார்.

2022 டிசம்பர் 23ஆம் திகதி, நத்தாருக்கு முன் ஒன்ராறியோவில் அடித்த புயலில், வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்திலிருந்து என்னை அழைத்தார். காற்றில் முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்றார். திரும்பி உள்ளே போகச் சொன்னேன். "நானும் அதுதான் நினைச்சனான் அண்ணை, நீங்கள் சொன்னால் நல்லது எண்டு எடுத்தனான்" என்றார். கன்ரீனில் படுத்துவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு போனார்.

இனி நான் மாற்றிச் செய்வது

வின்டர் டயருக்கு வரும் ஒவ்வொரு தாழ்த்திய காரையும் இப்போது அளக்கிறேன். வயிற்றின் தாழ்ந்த இடம் எத்தனை செ.மீ. என்று பில்லில் எழுதி, அதன் பக்கத்தில் நகரசபையின் 8ஐயும் எழுதிக் காட்டுகிறேன். அறிவுரையைவிட இரண்டு இலக்கங்கள் பக்கத்தில் நிற்பது வேலை செய்கிறது. சிலர் அங்கேயே நின்று யோசிக்கிறார்கள். சிலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

ஹொயிஸ்டில் ஏறும் எந்தக் காரிலும் புகைக்குழாய் மூட்டுகளை விளக்கைப் பிடித்துப் பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை. ஒன்ராறியோவில் எரிபொருள் அடுப்போ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2014 முதல் கட்டாயம். காரில் அப்படி ஒன்று கிடையாது, பார்க்கிறவர் கண்தான்.

சிக்கினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். காரை விட்டு வீட்டுக்கு நடக்க முடிந்தால் நடக்கலாம். உள்ளே இருக்கத்தான் வேண்டும் என்றால், எஞ்சினைத் தொடுவதற்கு முன் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைச் சுற்றி நன்றாகத் தோண்ட வேண்டும். ஒரு மணிநேரத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிட்டு, ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்து, ஒவ்வொரு முறையும் குழாயை மறுபடி பார்க்க வேண்டும். சவலும் கம்பளியும் ட்ரங்கில் இருக்க வேண்டும். தலை இடித்தால் களைப்பு என்று நினைக்கக் கூடாது, இறங்கிவிட வேண்டும்.

அந்த இளைஞர் தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறார். பனி தட்டும் தூரிகையின் பிடியில், அடியிலிருந்து 13 செ.மீ. உயரத்தில் சிவப்பு ஒட்டுநாடா சுற்றியிருக்கிறார். தெருவாயில் வரம்பைக் கண்டால் காரை நிறுத்தி, இறங்கி, தூரிகையைப் பனிக்குள் குத்திப் பார்க்கிறார். நாடா மறைந்தால் சவலை எடுக்கிறார், அல்லது பெரிய வீதியில் இருக்கும் கடை வளாகத்தில் காரை விட்டுவிட்டு அந்த ஏழெட்டு வீட்டுத் தூரத்தை நடக்கிறார்.